பதினேழாம் பள்ளம்

ஜூன் 11, செவ்வாய்

லஸ் பக்கம் மெட்ரோ தடுப்பை மறுபடியும் நகர்த்தியிருக்கிறார்கள். பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு கிண்டி வந்து சேர ஒன்றே கால் மணி நேரம். லேபில் ஏசி ஓடவில்லை. ஃபேனுக்கு நேராக இருக்கும் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு தபஸ்ஸும் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டிசம்பருக்குள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும் அவள். ஜெர்மனியில் வேலை காத்திருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் முழுக்கப் பதினேழு. எங்கள் பட்டியலில் நிலாவின் தென்துருவப் பள்ளங்களுக்கு எண்தான் பெயர்.

"பழைய படத்தையே ஒட்ட வேணாம்னு பாக்கறேன் அக்கா. உங்க கோட் குடுங்க, நானே ஒரு தடவ ஓட்டிப் புதுசா எடுத்துக்கறேன்."

மூன்று வருஷமாகத் திறக்காத புரோகிராம் கோப்பு. அனுப்பிவிட்டு, சும்மா மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றுவிட்டேன். இதை ஏன் இப்படி எழுதினேன்? ஞாபகம் இல்லை. ஏதாவது காரணம் இருந்திருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்.

கீரை வாங்க மறந்துபோனேன். தயிர் சாதம்.

ஜூன் 12

காரணம் இல்லை. அந்த வரி தப்பு.

ஜூன் 14, வெள்ளி

எழுதிப் பார்த்தால் தெளியுமா என்று பார்க்கிறேன்.

பதினேழின் அடியில் வெயில் பட்டதே இல்லை. கோடிக்கணக்கான வருஷ இருட்டு. அங்கே பனிக்கட்டி இருந்தால் கேமராவுக்குத் தெரியாது. ரேடாரை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். பனிக்கட்டியில் பட்டு வரும் அலை பளிச்சென்று வரும். சிக்கல் என்னவென்றால் பாறைக் குவியலில் பட்டாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும். அதனால் நாங்கள் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். பள்ளத்துக்கு உள்ளே மட்டும் மின்னினால் பனி. கரைக்கு வெளியேயும் மின்னினால் கல். ஏனென்றால் வெளியே வெயில் படுகிறது, அங்கே பனி தங்காது.

பதினேழு உள்ளே மட்டும் மின்னியது. அதைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டுரையாக எழுதினோம். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது எங்கள் கைடு கோதண்டபாணி சார்.

அந்த 212-ஆம் வரியின் வேலை, கரைக்கு வெளியே உள்ள மோசமான தரவை மறைப்பது. நான் குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். 'பெரியது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது'. கரைக்கு வெளியே இருந்த நல்ல தரவையெல்லாம் மறைத்துவிட்டு மோசமானதை வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வெளியே இருட்டாக இருந்தது. இருட்டை நான்தான் போட்டேன்.

குறியை மாற்றி ஓட்டினேன். பதினோரு நிமிஷம் ஆனது. படம் வந்தது.

உள்ளேயும் மின்னுகிறது. வெளியேயும் மின்னுகிறது.

கல்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கேன்டீனுக்குப் போய் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். முழுசாகச் சாப்பிட்டேன், அதுதான் ஆச்சரியம்.

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவைப் பார்க்கப் போனேன். அடையாற்றங்கரையில் எங்கள் வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே இந்த அடுக்குமாடிக்குக் கொண்டுவந்து போட்டு எட்டு வருஷம் ஆகிறது. அம்மா இன்னமும் விடியற்காலை பஸ் பிடித்து அடையாறு வந்துதான் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். விடச் சொன்னால் விடுவதில்லை.

இங்கே எல்லாருக்கும் அவள் தேவானை இல்லை. 'நிலாத் தண்ணி அம்மா.'

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கண்டுபிடிப்பைச் செய்தியாக எழுதிய பத்திரிகைக்காரர் என் ரேடாரைப் பற்றி இரண்டு வரிதான் எழுதினார். மிச்சம் முழுக்க நான் லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றது. 'குடம் சுமந்த கைகள், நிலவில் தண்ணீர் கண்டன.' கூடவே எங்கள் பிளாக்கில் ஏழு மாசமாக மோட்டார் ஓடாமல் கிடப்பதையும், நிலவில் தண்ணீர் கண்டவளின் தாய் நாலு மாடி குடம் தூக்குவதையும் எழுதிவிட்டார். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் நாலு அதிகாரிகள் வந்தார்கள். புது மோட்டார் வந்தது. அதற்கு மாலை போட்டார்கள். என்னைத்தான் சுவிட்சைத் தட்டச் சொன்னார்கள்.

இன்றைக்குக் கீழ்வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார வைத்தாள் அம்மா. "பன்னண்டாவது பட்ச்சிக்கினு கீறா. இன்னா பட்ச்சா ஒன்ன மாரி ஆவலாம், சொல்லு."

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்தால் ஒரு வார்த்தை நினைவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 19

ஐந்து நாளாகப் பதினேழைக் காப்பாற்ற வழி தேடுகிறேன்.

வேறு அலைநீளத்தில் பார்த்தேன். கல். வேறொரு சுற்றுப்பாதையின் தரவில் பார்த்தேன். கல். கல்லுக்கு அடியில் பனி இருக்கலாமே? இருக்கலாம். என் கட்டிலுக்கு அடியிலும் இருக்கலாம்.

யாருக்குத் தெரியும்? மூன்று வருஷமாக யாரும் கேட்கவில்லை. வெளியிடும் முன் கட்டுரையைச் சரிபார்த்த மூன்று பேரும் கேட்கவில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பெங்களூரில் குழு கூடுகிறது. நிலாவுக்கு அனுப்பப்போகும் ஊர்தி எங்கே இறங்க வேண்டும் என்று முடிவு செய்ய. பட்டியலில் முதல் இடம் பதினேழு. ஊர்தி போய் இறங்கிக் குடைந்து பார்க்க இன்னும் நாலைந்து வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் —

அதுவரைக்கும் என்ன? என்ன யோசிக்கிறே நீ, மணிமொழி?

ஜூன் 21, வெள்ளி

கோதண்டபாணி சாரிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு நான் வந்து நின்றபோது இதே அறையில் நேர்காணலுக்கு உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு பேரும் என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். இவர்தான், "கணக்கு போடறாளே, அது போறும்" என்று எடுத்துக்கொண்டார். அதை மறக்க முடியாது. மறக்கக் கூடாது.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"நமக்கு ரெண்டு பேருக்கும்தான் சார்."

என் புதுப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஆகஸ்ட் தாண்டட்டும் மணி. கமிட்டி முடியட்டும். அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"அவங்க பதினேழைத் தேர்ந்தெடுத்துட்டா?"

"ரெண்டாவது இடத்துல இருக்கறது மட்டும் என்ன, நிச்சயமா? எல்லாமே ஊகம்தான். நான் செப்டம்பர்ல ரிட்டயர் ஆறேன். இந்தப் பிராஜெக்ட் இதுலதான் நிக்கறது. உன் வேலையும் இதுலதான் நிக்கறது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டினேன், ஆமாம்.

ஜூன் 25, செவ்வாய்

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் இன்னும் மோசம்.

காலையில் தபஸ்ஸும் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, உங்க கோட்ல படிக்க கஷ்டமா இருந்ததுனால அந்த மறைக்கற பகுதிய மட்டும் நானே புதுசா எழுதினேன். படம் தப்பா வருது. எனக்கு மட்டும் வெளியவும் மின்னுது. எங்க தப்பு பண்றேன்னே தெரியல. நாலு நாளாப் பாக்கறேன்."

அவள் சரியாக எழுதியிருக்கிறாள். அவளுடைய படமும் என்னுடைய புதுப் படமும் ஒன்று.

நான் சொன்னேன்: "இன்னொரு தடவ பாரு. குறியெல்லாம் செக் பண்ணு."

"சரிக்கா. சாரிக்கா" என்று போனாள்.

சாரியாம். என்னிடம்.

ஜூன் 28

அவள் இன்னமும் தேடுகிறாள். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். லிஃப்ட் நின்றுபோனதால்தான் நான் அந்தப் பக்கம் போனேன், இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. டிசம்பரில் முடியாது, ஜெர்மனிக்காரர்களுக்கு எழுதிவிடப் போகிறேன் என்றாள். "அம்மீகிட்டயும் சொல்லிட்டேன். இதுக்கெல்லாம் எனக்கு மூளை பத்தாது அக்கா. அஞ்சு வருஷம் எப்டியோ ஓட்டிட்டேன். உங்க படத்தையே என்னால திரும்ப எடுக்க முடியல."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உன் படம்தான் சரி. தப்பு என்னுது. பதினேழுல பனி இல்ல தபஸ்ஸும்."

முதலில் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். வரி எண்ணைச் சொன்னேன். அவள் மடிக்கணினி மடியிலேயே இருந்தது. அங்கேயே திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"போன மாசம் பன்னண்டாம் தேதி."

அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. இருபத்தைந்தாம் தேதி என்னிடம் வந்து நின்றாளே.

"நான் வந்து கேட்டப்ப தெரியும்."

"ம்."

"தெரிஞ்சே இன்னொரு தடவ பாருன்னீங்க."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கத்தியிருக்கலாம். ரெண்டு வார்த்த திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

ஜூலை 4

இன்று என்னை மேடம் என்று கூப்பிட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

அபிராமபுரத்தில் சார் வீட்டுக்குப் போனேன். கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கும் பெங்களூர்க் குழுவுக்கும் எழுதிய கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. காபி கொடுத்தார்கள். உள்ளே யாருக்கோ பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது ஒரு குழந்தை.

படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"ஆகஸ்ட் வரைக்கும் பொறுக்கச் சொன்னேனே."

"தபஸ்ஸும் கண்டுபிடிச்சுட்டா சார்."

"அவ சொல்ல மாட்டா."

"அவ சொல்ல மாட்டாங்கறதுக்காகவா சார்?"

எழுந்து போய்ப் பாட்டு கேட்காதபடி கதவைச் சாத்திவிட்டு வந்தார். "உன்னைப் பத்தி என்ன எழுதுவா தெரியுமா மணி? அன்னிக்குக் குடம் தூக்கினவள்னு கொண்டாடினாளோல்லியோ, அதையே எடுத்துண்டு அடிப்பா. என்னை ஒண்ணும் சொல்ல மாட்டா. பாவம் வயசாயிடுத்து, கவனிக்கலைம்பா. உன்னை விட மாட்டா. நான் உன்னைக் காப்பாத்தப் பாக்கறேன், அது புரியறதா?"

புரிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. என்னைக் காப்பாற்றுகிறாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாரா என்று கேட்டுக்கொண்டே ஆர்.கே. மட சாலையில் நடந்து வந்தேன். இரண்டும்தான் போலிருக்கிறது. மனுஷனுக்கு அதில் கோடு போட்டுப் பிரிக்க முடியுமா?

சார் கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. "உன் பேர்ல அனுப்பிக்கோ" என்றார். வாசல் வரைக்கும் வந்தார். செருப்பு மாட்டும் வரைக்கும் நின்றார்.

ஜூலை 12, வெள்ளி

அனுப்பிவிட்டேன். காலை 10.40.

ஜூலை 17

பெங்களூரிலிருந்து பதில். 'தகவலுக்கு நன்றி. குழு பரிசீலிக்கும்.' அவ்வளவே.

ஒரு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றுக்கு இரண்டு வாக்கியம்.

ஜூலை 23

பேப்பரில் வந்துவிட்டது. 'நிலவில் தண்ணீர் இல்லை: சென்னை விஞ்ஞானி பல்டி.' நிலவிலேயே தண்ணீர் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஒரு பள்ளத்தில் இல்லை என்றேன். பல்டியாம்.

கீழே கருத்துகள். படிக்கக் கூடாது என்று தெரியும். எல்லாவற்றையும் படித்தேன். நூற்று எண்பத்து நாலு. சார் சொன்னது அப்படியே. கோட்டாவில் வந்தால் இப்படித்தான். குடத்தையே தூக்கியிருக்கலாம். ஒருத்தர் மட்டும், தப்பைத் தானே சொன்னாரே, அது பெரிசில்லையா என்று கேட்டிருந்தார். அவருக்கு நாற்பது பேர் பதில் சொல்லியிருந்தார்கள்.

இதில் ஒன்று எனக்கு உறைக்கிறது, அவர்கள் யாரும் சொல்லாதது. அவங்க சொல்ற தப்பு நான் செய்யல. நான் செஞ்ச தப்பு அவங்களுக்குத் தெரியாது. குறி தப்பிப்போவது யாருக்கும் நடக்கும். ஒரு பெண்ணை ஒரு வாரம் அவளையே சந்தேகப்பட விட்டேனே — அதுக்கு யாரும் ஒண்ணும் எழுதல.

ஜூலை 28, ஞாயிறு

அம்மாவிடம் போவதற்கு முன்பே அம்மாவிடம் செய்தி போய்விட்டது. பிளாக்கில் யாரோ செல்போனில் காட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"மெய்யாலுமே இல்லியா?"

"இல்லம்மா. அது கல்லு."

"அப்ப மோட்டார கயட்டிக்கினு பூடுவானுங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. கீழே போய் நாலு பேரிடம் ஏற்கெனவே பேசியிருக்கிறாள் போல. நிலாவில் தண்ணி இருக்கு என்றதால்தானே மோட்டார் வந்தது. இல்லை என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள் என்று மூன்றாம் மாடிக்காரர் சொன்னாராம். இரண்டு நாளாக டிரம், பக்கெட், குக்கர் வரைக்கும் பிடித்து வைத்திருக்கிறாள். நடக்க இடமில்லை.

"கழட்ட மாட்டாங்கம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"வரும்போது மட்டும் சம்பந்தம் இருந்துச்சே?"

வழியில் இருந்த ஒரு பக்கெட்டை ஓரமாக நகர்த்தினேன்.

"யாரு கண்டுபுட்ச்சது, இல்லன்னு?"

"நான்தான்மா."

"நீயா? யாரும் கேக்கலியா? நீயா போயி சொன்னியா?" அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "வாய மூடிக்கினு கீறதுக்கு இன்னா? மேல போயி யாரு பாக்கப் போறா? கீய நான்ல தெனம் ஏறி எறங்கிக்கினு கீறேன். நாலு பேரு மூஞ்சில நான்ல முயிக்கணும்."

"பொய்மா அது."

"பொய்யி! இத்தினி வருசம் இந்த ஊர்ல எவன் நம்மளாண்ட நெஜம் சொன்னான்? எட்டு வருசத்துல நமக்குன்னு கெட்ச்சது அது ஒண்ணுதான். அத்த நீயே போயி ஒட்ச்சிட்ட."

அழுகை வந்தது எனக்கு. அவள் சமாதானப்படுத்தவில்லை. பக்கெட்டுகளைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போய், நெத்திலிக் குழம்பை ஒரு டப்பாவில் ஊற்றி மூடி, பையில் வைத்து என் பக்கத்தில் வைத்தாள்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 10

நேற்றுக் குழு கூடியது. பதினேழைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் நிறுவனத்தின் கருவிக்கும் ஊர்தியில் இடமில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

செப்டம்பரோடு என் காண்ட்ராக்ட் முடிகிறது. புதுப்பிக்கவில்லை. பிராஜெக்டே இல்லையே, எதில் புதுப்பிப்பார்கள். அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். நல்ல மனுஷன்.

சார் ரிட்டயர் ஆவதால் தபஸ்ஸுமுக்கு வேறு கைடு போட்டிருக்கிறார்கள். ஜெர்மனி வேலை கைவிட்டுப் போய்விட்டது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அறிவிப்புப் பலகையில் புதுக் கைடின் பெயரைப் பார்த்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

சாருக்கு வழியனுப்பு விழா. எனக்கும் இன்றுதான் கடைசி நாள், அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பின் வரிசையில் நின்றேன். முப்பத்து நாலு வருஷத்தைப் பற்றிப் பத்து பேர் பேசினார்கள். பதினேழைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாகத் தாண்டிப் போனார்கள், தண்ணீர் தேங்கின தெருவில் செங்கல் மேல் கால் வைத்துப் போகிற மாதிரி.

அவர் பேசும்போது மாணவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். என் பெயர் வரும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு அடுத்த பெயர்.

மாலையோடு வெளியே போகும்போது என் எதிரே நின்றார். "சாப்ட்டுட்டுப் போ" என்றார். போய்விட்டார்.

சாப்பிட்டேன்.

அக்டோபர் 21

அசோக் நகரில் ஒரு தனியார் கல்லூரி. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக்கு இயற்பியல். நேர்காணலில் பிரின்சிபால் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "பேப்பர்ல வந்தது நீங்கதானே?" ஆமாம் என்றேன். "லேப் நோட்டையெல்லாம் ஒழுங்காத் திருத்துவீங்க இல்ல?" என்றார். கிண்டலா, நிஜமா, இன்னமும் தெரியவில்லை.

நவம்பர் 12

மழை. நாலு நாளாக வானம் இல்லை. கல்லூரி விட்டு வந்தால் அறை, அறையை விட்டால் கல்லூரி. ரேடார் படம் எதையும் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது? பதினேழு வருஷம் — இல்லை, பதினாலு — நிலாவில் தண்ணீர் தேடினேன். கண்டது ஒரு குறி.

அம்மா பேசுகிறாள். சாப்பிட்டியா, தூங்கினியா. அதற்கு மேல் இல்லை.

டிசம்பர் 14, சனி

தபஸ்ஸும் வந்தாள்.

முன்னறிவிப்பு இல்லை. மந்தைவெளியில் என் அறை வாசலில் நனைந்த குடையோடு நின்றாள். உட்காரச் சொன்னேன். நாற்காலியில் துணி கிடந்தது, எடுத்துப் போட்டேன்.

"உங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல" என்றாள் முதலில்.

"சரி."

"எனக்கு வேற யாரும் தெரியல. அதனால வந்தேன்."

ஆகஸ்டிலிருந்து எங்கள் பட்டியலில் இருக்கும் நாற்பத்தொரு பள்ளத்தையும் அவளுடைய கோடில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். என்னுடைய அந்த வரியை வேறு இரண்டு குழுக்களும் எடுத்து உபயோகித்திருந்தார்களாம். அவர்கள் பள்ளங்களும் சேர்த்து, பனி என்று சொன்னதில் முக்கால்வாசி கல்லாகிவிட்டது, மிச்சமும் நிச்சயமில்லை. அதைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷமில்லை, வருத்தமுமில்லை.

"ஒண்ணு மட்டும் நிக்குது. முப்பத்திமூணு. சின்னது, மூணு கிலோமீட்டர்தான். இதுவரைக்கும் யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. அது உள்ள மட்டும் மின்னுது."

அவள் குடையிலிருந்து வடிந்த தண்ணீரைக் குனிந்து துடைத்தேன்.

"புது கைடு ரொம்ப சந்தோஷப்படறாரு. உடனே அனுப்புன்றாரு. எனக்கு பயமா இருக்கு. சந்தோஷப்படற ஆள் எனக்கு வேணாம். இது தப்பா இருக்கணும்னு நெனச்சுப் பாக்கற ஆள் வேணும்." பென் டிரைவை மேஜையில் வைத்தாள். "இந்த முடிவ உடைச்சுக் குடுங்க."

டீ போட்டேன். குடித்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 21

ஒரே சனிக்கிழமையில் உடைந்துவிடும் என்று நினைத்தேன்.

ஜனவரி 4, சனி

அவள் எழுதிய புரோகிராமைப் பார்க்காமல், ஆரம்பத்திலிருந்து நானே தனியாக எழுதினேன். ஒவ்வொரு குறியையும் காகிதத்தில் எழுதி, வாய்விட்டுப் படித்து, பிறகுதான் தட்டினேன். பைத்தியம் மாதிரி. அறையில் தனியாக உட்கார்ந்து 'பெரியது, பெரியது, சிறியது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே மட்டும்.

ஜனவரி 18, சனி

கரைக்கு வெளியே, வடக்குச் சரிவில் ஒரு இடம் கொஞ்சம் மின்னியது. மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மனசில் ஒரு நிம்மதி வந்தது, அதைக் கவனித்தேன். உடைந்தால் எனக்கு நிம்மதி! ஏன்? எல்லாம் கல்லாகவே இருந்துவிட்டால் என் கல் மட்டும் தனியாகத் தெரியாது என்பதாலா?

வெட்கமாக இருந்தது. இன்னும் பொறுமையாகப் பார்த்தேன். அது பிற்காலத்தில் வந்து விழுந்த ஏதோ ஒன்று தெறிக்கவிட்ட கற்கள். படத்தில் அதன் சுவடு தெரிகிறது. முப்பத்திமூன்றோடு சம்பந்தமில்லை.

பிப்ரவரி 8, சனி

எட்டாவது சனிக்கிழமை. உடைக்க முடியவில்லை.

தபஸ்ஸுமுக்குப் போன் செய்து அதை அப்படியே சொன்னேன். கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, லைனில்தான் இருந்தாள். பின்னால் ஏதோ கடையில் மாவு அரைக்கும் சத்தம். பிறகு, "தேங்க்ஸ்" என்றாள்.

பிப்ரவரி 20

கட்டுரையை அனுப்பியிருந்தாள், ஒரு தடவை பார்க்கச் சொல்லி. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர். எடுத்துவிடு என்று எழுதினேன். என் பெயரைப் பார்த்தால் படிக்கிறவர்கள் முதல் பக்கத்திலேயே சந்தேகப்படுவார்கள், உனக்கு அது வேண்டாம்.

பத்து நிமிஷத்தில் பதில். 'எடுத்துட்டேன்.'

ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அது சரிதான், மறுக்கக் கூடாது. இருந்தாலும் இன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மா அடையாறு வேலையில் ஒரு வீட்டை விட்டுவிட்டாள். முழங்கால். மயிலாப்பூர் பக்கம் வந்து என்னோடு இரு என்றேன். "அங்க வந்து இன்னா பண்றது, ஜன்னல எண்ணிக்கினு ஒக்காறதா?" என்றாள். ஆனால் இன்றைக்கு நாலு வார்த்தை கூடப் பேசினாள். கீழ்வீட்டுப் பெண் ராணி மேரிக் கல்லூரியில் சேரப் போகிறாளாம், ஃபாரம் நிரப்ப என்னைக் கேட்கிறாளாம். அனுப்பு என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

தபஸ்ஸுமின் கட்டுரை வெளிவந்துவிட்டது. கல்லூரி நூலகத்தில், ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்து படித்தேன். போன வாரம் வைவாவும் முடிந்து டாக்டர் ஆகிவிட்டாள் என்று கேள்வி. பேப்பரில் செய்தி எதுவும் வரவில்லை. வராமல் இருப்பதே நல்லது.

முப்பத்திமூன்றில் தண்ணீர் இருக்கிறது என்று அவள் எங்கேயும் எழுதவில்லை. நாலாம் பக்கத்தில், வடக்குச் சரிவை எப்படிச் சோதித்தோம் என்று சொல்லும் பத்தி. அதில் ஒரு வாக்கியம்: 'இது பனிக்கட்டி என்று சொல்ல எங்களிடம் போதுமான ஆதாரம் இல்லை; இது பாறை இல்லை என்று சொல்வதற்கு இருக்கிறது.' ஜனவரியில் நான் அவளுக்கு அனுப்பிய குறிப்பில் இருந்தது அது. இங்கிலீஷில் ஒரு கமாவை வழக்கம்போலத் தப்பான இடத்தில் போட்டிருந்தேன். அதைக்கூட மாற்றவில்லை.

மூன்று தடவை படித்தேன்.

இரண்டு மணிக்கு இரண்டாம் ஆண்டு லேப். முப்பத்தெட்டு நோட்டு திருத்த இருக்கிறது. போக வேண்டும்.